காட்டுக்குப் பனியன் துணி வேண்டாம்

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருகிற ஜூன் மாதம் கணவரும் நானும் 12 வயது மகனும் மலேசியாவின் தாமான் நெகாரா காட்டுக்கு மூன்று நாள் நடைப்பயணமாக வருகிறோம். ஓர் இரவு காட்டுக்குள் ‘பும்புன்’ குடிலில் தங்கவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். எனக்கும் மகனுக்கும் லெக்கிங்ஸும் சீக்கிரம் உலரும் டி-ஷர்ட்டும் வாங்கிவிட்டேன். அந்த வெக்கைக்கு அரைக்கால் சட்டையே போதும், கொசுவுக்குக் களிம்பு தடவிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். மகனையோ கொசு தேடித் தேடிக் கடிக்கும். முழுவதும் மூடினால் வெந்துவிடுவோம், மூடாவிட்டால் கொசு பிடுங்கிவிடும் என்று குழம்பிப் போயிருக்கிறேன். எதை உடுத்துவது?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குழப்பத்துக்கு விடை உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. நீங்கள் தினமும் மேசையில் விரித்துப் பார்ப்பது பனியன் துணி, அதாவது பின்னல் துணி. பக்கத்தில் ஈரோட்டிலும் கரூரிலும் தறியில் ஓடுவது நெசவுத் துணி. கொசு மிகுந்த காட்டுக்கு இரண்டாவதுதான் வேண்டும். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் லெக்கிங்ஸ், டி-ஷர்ட் இரண்டுமே பனியன் துணி. வருவதற்கு முன்பே கேட்டீர்களே, அதில் எனக்கு மகிழ்ச்சி. காட்டின் நுழைவாயிலான குவாலா தாஹான் படகுத்துறையில் வந்து இறங்கிய பிறகு இதே கேள்வியைக் கேட்பவர்களிடம் என்னால் அனுதாபம் மட்டுமே காட்ட முடிகிறது.

பின்னல் துணியின் இயல்பை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். இழுத்தால் கண்ணி விரியும். முழங்கால் மடங்கும்போதும் தோள் அசையும்போதும் அந்தக் கண்ணிகள் திறந்து கொடுக்கின்றன. கொசுவின் ஊசிவாய் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளம். அதற்குள்ளே தோலைத் துளைக்கும் ஊசிகளோ தலைமுடியைவிட மெல்லியவை. உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸின் தடிமன் அந்த நீளத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. லெக்கிங்ஸ் அணிந்து வந்து, மாலையில் தொடை முழுக்கத் தடிப்புடன் உட்கார்ந்திருந்த பெண்களை இந்த 22 ஆண்டு வழிகாட்டி வேலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். “காலை முழுசாக மூடித்தானே இருந்தேன்” என்பார்கள். மூடியது உண்மைதான். ஆனால் துணிக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இல்லை.

அந்த இடைவெளிதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம். துணி உடம்பைவிட்டு ஒரு விரல் தள்ளி நின்றால், கொசு துணியில் உட்கார்ந்து என்ன குத்தினாலும் ஊசி தோலை எட்டாது. அதே இடைவெளியில்தான் காற்றும் நடமாடும். ஆகவே வெக்கைக்கு ஓர் உடை, கொசுவுக்கு வேறோர் உடை என்று நீங்கள் தேடி அலைய வேண்டாம். தளர்வாகத் தைத்த முழுக்கைச் சட்டையும் தளர்வான நீளக் காற்சட்டையும் (நாங்கள் சிலுவார் என்போம்) இரண்டு வேலையையும் செய்துவிடும்.

நான் இதை முதலில் கற்றது காட்டில் இல்லை, பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில். என் தாயார் பால்மரம் சீவப் போனவர். விடிவதற்கு முந்தைய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே கிளம்புவார்கள். ரப்பர் தோட்டத்தின் இருட்டு நிழலில் கொசு எப்படி மொய்க்கும் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். அம்மா சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துவரை பொத்தானைப் பூட்டி, தலையையும் பிடரியையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருப்பார். காலில் முழங்கால் வரை நீளக் காலுறை. இடுப்பில் ஒரு தகர டப்பாவில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும். அப்பாவின் சட்டை அம்மாவுக்கு இரண்டு அளவு பெரியது. வேறு சட்டை இல்லாமல் அணிகிறார் என்றே சிறு வயதில் நினைத்திருந்தேன். பிறகு கவனித்தால் தோட்டத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். தங்கள் அளவுக்குத் தைத்த ரவிக்கையின் கையில் கொசு குத்தும், தொளதொளத்த சட்டைக் கையில் குத்தாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி துணி வகைக்கு வருகிறேன்.

தாமான் நெகாராவின் வெப்பம் உங்கள் ஊர் வெயில் போன்றது அல்ல. ஜூன் மாதப் பகலில் 30 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். மரங்களின் நிழலில் நேரடி வெயிலும் குறைவு. வாட்டுவது ஈரப்பதம். காற்றே நீரில் ஊறிக் கிடப்பதால் வியர்வை ஆவியாவதில்லை, வழிந்து ஓடத்தான் செய்கிறது. நடக்கத் தொடங்கிய அரை மணியில் எந்தத் துணியும் நனைந்துவிடும். ‘சீக்கிரம் உலரும்’ என்ற முத்திரையை நம்பி வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: உலர்த்துவதற்கு வறண்ட காற்று வேண்டுமே! எனவே எந்தத் துணி உலரும் என்று பார்ப்பதைவிட, எது குறைவாகத் தண்ணீர் குடிக்கும், நனைந்தாலும் எது உடம்போடு ஒட்டாது என்று பாருங்கள். பருத்தி இழை இயல்பாகவே எட்டு சதவீதம் அளவுக்கு ஈரம் வாங்கும். நைலான் நான்கு சதவீதம் போல. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. உங்கள் ஆய்வகத்தில் இந்தக் கணக்கைத் தினமும் பார்ப்பீர்கள். இங்கே அதன் பொருள், நனைந்த பருத்திச் சட்டை கனத்துத் தொங்கி முதுகோடு அப்பிக்கொள்ளும் என்பதுதான். அப்பிய இடத்தில் இடைவெளி போய்விட்டது. கொசு அங்கேதான் உட்காரும்.

என் தேர்வு, நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான். 100 முதல் 140 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரை போதும். நைலான் இழை வழவழப்பானது, நெருக்கமாக நெய்தால் கொசுவால் எளிதில் துளைக்க முடியாது, பிரம்பு முள்ளில் மாட்டினாலும் சட்டென்று கிழியாது. பிரம்புக் கொடியை இந்தக் காட்டில் தவிர்க்கவே முடியாது. அதன் கொக்கி முள் பனியன் துணியில் மாட்டினால் நூலை உருவி எடுத்துவிடும். நைலான் சட்டை விலை அதிகம் என்று தோன்றினால் தயங்காதீர்கள்: கணவரின் பழைய அலுவலகச் சட்டைகளில் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தவை இருக்கும். அவற்றை எடுத்து வாருங்கள். அளவு பெரிதாக இருந்தால் உங்களுக்கும் மகனுக்கும் அதுவே பொருந்தும். பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய உடையுடன் வந்தவர்களைவிட, அலுவலகச் சட்டையில் வந்தவர்கள் நிம்மதியாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். மல் துணி போல இழை விலகிய பருத்தி மட்டும் வேண்டாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; இழைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் கண்ணுக்கு அது ஒரு நொடி வேலை.

நீங்கள் சுடிதார் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொளதொளப்பான சல்வார் நல்ல யோசனைதான். அதன் மேலுடை முழங்கால் வரை நீண்டு வேர்களிலும் முள்ளிலும் மாட்டும். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் அளவோடு நிறுத்திவிட்டால் நடக்கலாம். துப்பட்டா வேண்டாம்.

எந்த உடையானாலும் வீட்டிலேயே ஒருமுறை போட்டுச் சோதியுங்கள். நேராக நின்று கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் தளர்வாகத்தான் தெரியும். குத்துக்காலிட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி எதையோ இழுப்பதுபோல் குனியுங்கள். இப்போது முழங்கால், தொடை, பின்புறம், தோள்பட்டை, முழங்கை ஆகிய இடங்களில் விரலால் துணியைக் கிள்ளித் தூக்க முடிகிறதா? முடிந்தால் சரி. இறுகியிருந்தால் அங்கே கடி விழும். ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். கவட்டில் கூடுதல் துண்டு வைத்துத் தைத்த காற்சட்டை கிடைத்தால் மிக நல்லது, மரவேர்ப் படிகளில் காலைத் தூக்கி வைக்கும்போது தொடையை இறுக்காது. ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த ஜீன்ஸோடு ஏற்றம் ஏறுவது தண்டனை.

சட்டைக்குக் கழுத்துப்பட்டி கட்டாயம். அதைத் தூக்கிவிட்டால் பிடரி மறையும். நான் அதோடு ஒரு குட் மார்னிங் துண்டையும் கழுத்தில் போட்டிருப்பேன். மலேசியாவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் மெல்லிய வெள்ளைத் துண்டு அது. வியர்வை துடைக்க, பிடரியை மறைக்க, ஓடையில் நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். நடக்கும்போது கைப்பட்டையின் பொத்தானைக் கழற்றிக் காற்று புக விடுங்கள், நின்றதும் பூட்டுங்கள். இதை மகனுக்குப் பழக்கிவிடுங்கள். நடக்கிறவரைக் கொசு அவ்வளவாகத் தொல்லைப்படுத்தாது. படகுக்குக் காத்திருக்கும்போது, சாப்பிட உட்காரும்போது, இருட்டும் நேரத்தில் பேசிக்கொண்டு நிற்கும்போதுதான் கூட்டமாக வரும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, நம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை மோந்த பிறகு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சை கலந்த நீலம் ஆகிய நிறங்களை நோக்கிப் பறந்தது. வெள்ளை, பச்சை, நீலம், ஊதா ஆகியவற்றைப் பொருட்படுத்தவில்லை. எல்லாக் கொசு இனத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆயினும் கறுப்பையும் சிவப்பையும் தவிர்த்து வெளிர்பச்சை, சாம்பல், மணல் நிறங்களில் வாங்குவதால் இழப்பு ஏதுமில்லை. வெளிர் நிறத்தில் அட்டை ஏறினால் உடனே தெரியும் என்பது கூடுதல் நன்மை.

அட்டைக்கு அஞ்சாதீர்கள். கடித்த இடத்தில் கொஞ்ச நேரம் இரத்தம் நிற்காமல் கசியும், அவ்வளவே. காற்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகி, அதற்கு மேலே அட்டைக்கென்றே நெருக்கமான துணியில் முழங்கால் வரை தைத்த உறையைக் கட்டிக்கொள்ளுங்கள். குவாலா தாஹானிலேயே கேட்டு வாங்கலாம். சாதாரண காலுறைப் பின்னலில் மெல்லிய அட்டை நுழைந்துவிடும். கணுக்காலில் கொசு கடிப்பதையும் இந்த உறை தடுக்கும். காலணி உங்கள் விருப்பம். எங்களில் பாதிப் பேர் ‘அடிடாஸ் கம்போங்’ என்று ஊரே செல்லமாக அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணியைத்தான் அணிகிறோம். பால்மரம் சீவுகிறவர்களின் காலணி அது. பழக்கமில்லாத காலுக்குப் பாதம் நோகும் என்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

உங்கள் கணவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அரைக்கால் சட்டையும் களிம்பும் போதும் என்ற எண்ணம் கடற்கரை விடுதிக்குச் சரி. இங்கே வியர்வை, களிம்பைக் கழுவிக்கொண்டே போகும். இரண்டு கால் முழுவதும் மணிக்கு மணி மறுபடி தடவ வேண்டும். யாரும் அப்படித் தடவுவதில்லை. முகம், காது, கழுத்து, புறங்கை என்று துணியால் மூட முடியாத இடங்களுக்கு மட்டுமே களிம்பு என்று வைத்துக்கொண்டால் அதை ஒழுங்காகத் தடவ முடியும். கொசுவிரட்டி மருந்தான ‘டீட்’ 20 முதல் 30 சதவீதம் உள்ளதோ, அதே வேலை செய்யும் ‘பிக்காரிடின்’ 20 சதவீதம் உள்ளதோ வாங்குங்கள். வெயில் களிம்பும் பூசுவதானால் அதை முதலில் பூசி, பிறகு இதைப் பூசுங்கள். மகனுக்கு நீங்களே தடவிவிடுங்கள், அவன் உள்ளங்கையில் வேண்டாம், கண்ணைக் கசக்கிக்கொள்வான். டீட் மருந்துக்கு ஒரு குணம் உண்டு: மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக்கையும் கைக்கடிகாரத்தையும் அரிக்கும், இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் இழையையும் கெடுக்கும். நைலானுக்கும் பருத்திக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் லெக்கிங்ஸில் ஸ்பான்டெக்ஸ் இல்லாமல் இருக்காது என்பதை நீங்களே அறிவீர்கள்.

உடையிலேயே மருந்து ஏற்றுவது இன்னொரு வழி. ‘பெர்மெத்ரின்’ என்ற பூச்சிக்கொல்லியின் 0.5 சதவீதக் கரைசலைச் சட்டையிலும் காற்சட்டையிலும் காலுறையிலும் தெளித்து நிழலில் முழுவதும் காயவைத்து அணிந்தால், துணியில் உட்காரும் கொசு மயங்கி விழும். ஏறக்குறைய ஆறு சலவைவரை வேலை செய்யும். துணிக்கென்று விற்கும் கரைசலை மட்டுமே வாங்குங்கள். உங்கள் ஊர் மருந்துக் கடையில் பெர்மெத்ரின் என்று கேட்டால் சிரங்குக்கான 5 சதவீதக் களிம்பைக் கொடுப்பார்கள். அது இதற்கானது அல்ல. வீட்டில் பூனை இருந்தால் துணி காயும்வரை கிட்டே விடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. மீனுக்கும் நஞ்சு. இது எனக்கு மிக முக்கியம்: தாஹான் ஆற்றில் லுபோக் தெனோரில் கெலா மீன்களுக்கென்றே ஒரு காப்பிடம் வைத்திருக்கிறார்கள். மருந்து ஏற்றிய உடையோடு ஆற்றில் இறங்காதீர்கள், அங்கே துவைக்கவும் வேண்டாம். குளிக்கப் போகும்போது வேறு உடைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதக் காரணம் உண்டு. 1965இல் பகாங் மாநிலக் காட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஓர் அமெரிக்கருக்குக் காய்ச்சல் வந்தது. அதுவரை இயற்கையில் குரங்குகளிடம் மட்டுமே அறியப்பட்டிருந்த ‘நோலெசி’ மலேரியா, இயற்கையாக மனிதருக்குத் தொற்றியதாக உறுதிசெய்யப்பட்ட முதல் நிகழ்வு அதுதான். மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று மலேசியாவில் 2018 முதல் இல்லாமல் போயிற்று. குரங்கு மலேரியா மட்டும் இன்றும் இருக்கிறது. பெரும்பாலும் காட்டிலும் காட்டோரத் தோட்டங்களிலும் வேலை செய்கிறவர்களையே அது தாக்குகிறது. மூன்று நாள் வருகிறவருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பெருகக்கூடியது. கவனிக்காமல் விட்டால் வேகமாக முற்றும். அதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு, பொழுது சாய்ந்த பிறகே கடிக்க வரும். பகலில் டெங்குக் கொசு, மாலைக்குப் பிறகு இது. பயணத்துக்கு முன் தடுப்பு மாத்திரை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே பும்புன் இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பும்புன் என்பது விலங்குகளைப் பார்க்க உயரத்தில் கட்டிய மரக்குடில். சன்னல் திறந்தேதான் இருக்கும், மெத்தை விரிப்பெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கொசுவலை நீங்கள் கொண்டுவர வேண்டும். ஆளுக்கு ஒரு உலர்ந்த உடையை நீர் புகாத பையில் கட்டி, பகலில் என்ன நேர்ந்தாலும் அதைத் தொடாமல் வைத்திருங்கள். இந்த இரவு உடைக்குப் பருத்தி நல்லது, வியர்க்காமல் படுத்திருக்கும் உடம்புக்கு அதுதான் சுகம். இதுவும் முழுக்கை, முழுக்கால், தளர்வு. கணுக்காலுக்கு இரண்டு காலுறைகள், ஒன்றின் மேல் ஒன்று. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, மாலை ஆறு மணிக்கெல்லாம், மூவரும் மாறிவிடுங்கள். காலையில் அந்த உடையைக் கழற்றி மறுபடி பையில் கட்டிவிட்டு, முதல் நாளின் ஈரச் சட்டையையே போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். ஐந்து நிமிடம் அருவருப்பாக இருக்கும். மாற்றுச் சட்டை ஆசையில் உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், அதுவும் அரை மணியில் நனைந்து, அடுத்த இரவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

உள்ளாடை மட்டும் பனியன் துணியாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தொடை உராய்ந்து புண்ணாவதுதான் இந்தக் காட்டில் பலரை நடக்கவிடாமல் செய்கிறது. நீங்கள் வாங்கிய லெக்கிங்ஸில் மகனுடையதை முழங்காலுக்கு மேலே வெட்டித் தளர்ந்த காற்சட்டைக்குள் அணிவித்தால் அவனுக்கு உராய்வு இராது. அது களிம்பு படாத இடம் என்பதால் துணியும் கெடாது. டி-ஷர்ட்டுகளை, காட்டுக்கு வரும் வழியிலுள்ள ஜெராந்துட் ஊர் வரையிலான பஸ் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகனைத் தேடிக் கடிப்பது உங்கள் கற்பனை அல்ல. மூச்சுக்காற்று, தோலின் வாடை, உடல்சூடு ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் சிலர்மீது கொசு அதிகமாகவே வரும். ஓடியாடும் பிள்ளைகளுக்கு மூச்சும் வேகம், சூடும் அதிகம். அவனுடைய சட்டையை மட்டும் இன்னும் அரை அளவு பெரிதாக எடுங்கள். வளரும் பிள்ளை, பிறகும் உதவும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் மூவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மலேசியக் காட்டில் இரவு தங்கினோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். டெங்குவுக்கு மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.